மணிக்கட்டில் எரியும் பச்சை விளக்கு: ஸ்மார்ட்வாட்ச் காட்டும் துடிப்பு எப்போது சரி?

தைப்பூசத்துக்காகக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்துபோகும் கூட்டத்தோடு, சிங்கம்புணரியைத் தாண்டி நத்தம் செல்லும் சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில், என் கையிலிருந்த ஸ்மார்ட்வாட்ச் 118 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் விடவே இல்லை. ஏற்றம் வந்தாலும் 118, இறக்கம் வந்தாலும் 117, சுக்குக் காப்பி கொடுக்கும் பந்தலைக் கடந்து மறுபடி நடை பிடித்தால் 119. சட்டைக்குள் கட்டியிருந்த மார்புப் பட்டை அதே வேளையில் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டிருந்த எண்ணோ, ஏற்றத்தில் 138 வரை போய், சமதரையில் 127க்கு இறங்கி, மூச்சின் போக்கோடு ஒத்துப்போய்க்கொண்டிருந்தது. ஐயம் தட்டியதால், நடக்கிற நடையிலேயே ஒரு நிமிடத்துக்கு என் அடிகளை எண்ணிப் பார்த்தேன். சரியாக 118 அடிகள். என் உடம்பில் சீராக நடந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றைக் கடிகாரம் பிழையில்லாமல்தான் எண்ணிக்கொண்டிருந்தது. அது இதயமாக இல்லாமல் கால்களாகப் போய்விட்டது.

காரைக்குடியில் காலை நடைக்கு வருகிறவர்களிடையே ஸ்மார்ட்வாட்ச் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: எந்தக் கடிகாரம் துடிப்பைச் சரியாகக் காட்டும்? இரண்டாயிரம் ரூபாய்க் கடிகாரத்துக்கும் நாற்பதாயிரம் ரூபாய்க் கடிகாரத்துக்கும் வேறுபாடு உண்டா என்பதும் அதனுள் அடங்கிய கேள்வியே. வேறுபாடு உண்டு, ஆனால் ஒரே கடிகாரம் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது காட்டும் துல்லியத்துக்கும், அதே கடிகாரம் கை வேலை செய்துகொண்டிருக்கும்போது காட்டும் துல்லியத்துக்கும் உள்ள இடைவெளி, பல வேளைகளில் இரண்டு நிறுவனங்களுக்கிடையே உள்ள இடைவெளியைவிடப் பெரியது. ஆகவே எந்த நிறுவனம் என்பதோடு, என்ன செய்துகொண்டிருக்கும்போது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் கிடைக்கும். அதற்கு முதலில் அந்தப் பச்சை விளக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கடிகாரம் நாடி பார்க்கிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வைத்தியர் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கும் இடம், பெருவிரலுக்குக் கீழே உள்மணிக்கட்டில் ஓடும் தமனி. அங்கே அலை விரலைத் தள்ளுவதை உணர முடியும். கடிகாரம் உட்கார்ந்திருப்பது அதற்கு நேர் எதிர்ப்புறத்தில், புறங்கைப் பக்கத்தில். அங்கே விரலை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் துடிப்பு எதுவும் தட்டுப்படாது. கடிகாரம் தொட்டு அறிவதில்லை, பார்த்து அறிகிறது. அதன் அடியிலிருக்கும் எல்.இ.டி. விளக்குகள் நொடிக்குப் பல முறை பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சுகின்றன; இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்; இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் தோலடியிலுள்ள நுண்குழாய்களில் இரத்தம் சற்றே மிகுந்து, திரும்பி வரும் ஒளி சற்றே குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை ஓர் ஒளியுணரி பதிந்துகொள்ள, அலைகளை எண்ணி நிமிடத்துக்கு இத்தனை என்று நிரல் சொல்லிவிடுகிறது. தோலில் ஒளியைப் பாய்ச்சி இரத்த ஓட்டத்தைக் கணிக்கும் இந்த முறையை 1930களின் பிற்பகுதியிலேயே அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் ஆராய்ந்திருக்கிறார். கடிகாரக்காரர்கள் கண்டுபிடித்தது இந்த முறையை அன்று. அதை ஓடுகிற கையின்மேல் வைத்து வேலை வாங்கும் துணிச்சலைத்தான்.

துணிச்சல் என்று சொல்வதற்குக் காரணம், அந்த ஏற்ற இறக்கம் அவ்வளவு சிறியது. திரும்பி வரும் ஒளியில் பெரும்பகுதி தோல், தசைநார், எலும்பு, நகராத இரத்தம் ஆகியவற்றில் பட்டு வருவது. துடிப்பால் மாறுவது பெரும்பாலும் நூற்றில் ஓரிரு பங்குக்கு மேல் இராது. கடிகாரம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும், கையை மடக்கும்போது தசைநார் ஒன்று புடைத்தாலும், அதனால் வரும் மாற்றம் அந்த ஓரிரு பங்கைப் போலப் பல மடங்கு பெரிதாகிவிடும். கோயில் மேளம் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் முணுமுணுப்பதைக் கேட்பதற்குச் சமமான வேலை இது.

மார்புப் பட்டை செய்யும் வேலை வேறு. இதயத் தசை சுருங்குமுன் அதில் ஒரு மின் அலை பரவுகிறது. நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த அலையைத் துல்லியமாகப் பதியும் கருவியை அமைத்து, அதற்காக 1924இல் நோபல் பரிசு பெற்றார். மருத்துவமனையில் எடுக்கும் ஈ.சி.ஜி. அவர் வழி வந்ததே. பின்லாந்தில் 1977இல் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம், இந்த மின் அலையை மார்பில் கட்டும் பட்டையால் வாங்கிக் கம்பியில்லாமல் கைக்கு அனுப்பும் கருவியை 1982இல் விளையாட்டு வீரர்களுக்குக் கொண்டுவந்தது. ஈ.சி.ஜி. அலையில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஊசி முனை போன்ற ஒரு சிகரம் உண்டு; அதை எண்ணுவதில் குழப்பம் வருவது அரிது. ஒளியலையோ மொட்டையான மேடு. அதன் உச்சி எங்கே என்று சொல்வதற்கே ஊகம் வேண்டும்.

பட்டையும் குறையற்றதன்று. அதன் மின்முனைகள் தோலோடு மின் தொடர்பு கொள்ள ஈரம் வேண்டும். தண்ணீரில் நனைக்காமல் கட்டிக்கொண்டு கிளம்பினால், வியர்வை ஊறும் வரையில் முதல் சில நிமிடங்களுக்கு அது உளறும். வியர்வையிலுள்ள உப்புதான் அங்கே கடத்தி. மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கிற காரைக்குடியில் இதை விளக்கிச் சொல்வது சற்று மிகைதான் என்றாலும், பட்டை கெட்டுவிட்டதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன். செயற்கை நூல் பனியன் காற்றில் உரசி உண்டாக்கும் நிலைமின்னும் சில வேளை எண்ணைக் கெடுக்கும்.

இனி, கடிகாரம் ஏன் என் கால்களை எண்ணியது என்ற கதைக்கு வரலாம். கை அசைவதால் வரும் பொய் அலையைக் கழிப்பதற்காக ஒவ்வொரு கடிகாரத்திலும் முடுக்கமானி என்ற அசைவுணரி இருக்கிறது. கை எந்தத் தாளத்தில் ஆடுகிறது என்பதை அது சொல்ல, நிரல் அந்தத் தாளத்தை ஒளியலையிலிருந்து நீக்கிவிட்டு, மிச்சமிருப்பதைத் துடிப்பென்று எடுத்துக்கொள்கிறது. கையின் தாளமும் இதயத்தின் தாளமும் ஒன்றுக்கொன்று விலகியிருக்கும் வரையில் இது நன்றாகவே நடக்கும். சீரான நடையில் நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி என்பது சாதாரணம். நடுத்தர வயதுக்காரர் ஒருவருக்கு வேகநடையில் துடிப்பும் ஏறக்குறைய அதன் பக்கத்திலேயே வந்து நிற்கும். இரண்டு தாளங்களும் நெருங்கிவிட்டால், எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று நிரலுக்குத் தெரியாமல் போகிறது. நடைதான் இரண்டில் உரத்த குரல். ஆகவே அதையே பற்றிக்கொண்டுவிடும். ஒருமுறை பற்றிக்கொண்டால் எளிதில் விடாமலிருப்பதற்கும் காரணம் உண்டு: துடிப்பு சட்டென்று தாவாது என்ற நியாயமான எண்ணத்தில், முந்தைய எண்ணுக்குப் பக்கத்திலேயே அடுத்த எண்ணைத் தேடும்படி நிரலை எழுதியிருப்பார்கள்.

இதிலிருந்து விடுபட எளிய வழி, நடையின் தாளத்தைக் கலைப்பது. அன்று நான் அரை நிமிடம் நின்று, கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். கடிகாரம் தடுமாறி, கோடு காட்டி, பிறகு 124க்கு வந்து, பட்டையோடு ஒத்துப்போயிற்று. மறுபடி நடந்து பத்து நிமிடத்தில் மறுபடி 118.

மற்ற வேலைகளிலும் இதே கதை வெவ்வேறு வேடத்தில் வருகிறது. சிலம்பம் சுற்றுகிறவரின் மணிக்கட்டு, ஒளிக் கடிகாரத்துக்கு வாய்க்கக்கூடிய மிக மோசமான இடம். அங்கே அது சொல்லும் எண்ணைக் குறித்துவைப்பதே வீண். தேங்காய் துருவும் கையும், மாவு பிசையும் கையும் அப்படியே: விரல்கள் இறுகும்போது மணிக்கட்டின் தசைநார்கள் கடிகாரத்தின் அடியை முட்டி முட்டித் தள்ளும். கம்பியை இறுகப் பிடித்து எடை தூக்குகிறவருக்கும் இதே தொல்லை. காவடியைத் தோளில் ஏந்தி ஒரு கையை உயர்த்திப் பிடித்திருப்பவருக்கு இன்னொன்றும் சேரும். உயர்த்திய கையில் இரத்த அழுத்தம் குறைவதால் துடிப்பலையின் வடிவமே மாறிவிடும். அதே காவடியை மாற்றிக்கொண்டு கையைத் தொங்கவிட்டவுடன் எண் பத்துப் பதினைந்து தாவினால், அதை இதயத்தின் தலையில் போட வேண்டாம்.

ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன, சற்று எதிர்பாராத விதத்தில். 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 60 தன்னார்வலர்களை வைத்து ஆப்பிள் வாட்ச், ஃபிட்பிட் சர்ஜ், சாம்சங் கியர் எஸ்2 உள்ளிட்ட ஏழு கருவிகளை ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டார்கள். ஏழில் ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின; ஆப்பிள் வாட்ச்சின் பிழை எல்லாவற்றிலும் குறைவு. கவனிக்க வேண்டிய எண் வேறிடத்தில் இருக்கிறது. பிழை மிகக் குறைந்திருந்தது நிலையாக நிறுத்திய சைக்கிளை மிதித்தபோது, 1.8 சதவீதம், மிக அதிகமாக இருந்தது சாதாரண நடையில், 5.5 சதவீதம். உடம்புக்கு எது கடினம் என்பதைப் பொறுத்துக் கருவி தடுமாறவில்லை. கை எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பொறுத்தே தடுமாறியது. சைக்கிள் என்றதும் ஆத்தங்குடிப் பக்கத்துச் சாலையில் மிதித்துப்போவதை நினைத்துவிடக் கூடாது. ஆய்வகத்துச் சைக்கிளுக்குப் பள்ளமும் மேடும் கிடையாது. அதே ஆய்வில் எரித்த கலோரியைக் கணிப்பதில் எந்தக் கருவியும் தேறவில்லை. உள்ளவற்றில் நல்லதே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். நெய் மணக்க இரண்டு கந்தரப்பம் சாப்பிட்டுவிட்டுக் கடிகாரத்துக் கலோரிக் கணக்கால் அதைக் கழிக்க முயல்பவர்கள் இந்த எண்களைத் திரும்ப ஒருமுறை படிக்கலாம்.

அதே ஆண்டு கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 50 பேரை ஓடுபொறியில் ஏற்றி, ஈ.சி.ஜி.யோடு எந்தக் கருவி எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தபோது, போலார் மார்புப் பட்டைக்கு 0.99 கிடைத்தது, ஆப்பிள் வாட்ச்சுக்கும் மியோ ஃபியூஸுக்கும் 0.91, ஃபிட்பிட் சார்ஜ் எச்.ஆர்.க்கு 0.84, பேசிஸ் பீக்குக்கு 0.83. முழு ஒற்றுமைக்கு 1 என்று கொள்ள வேண்டும். இந்தக் கடிகாரங்கள் இன்று கடைகளில் இல்லை. இப்போது வருபவற்றில் ஒரே விளக்குக்குப் பதில் பல விளக்குகளும் பல ஒளியுணரிகளும் வைத்து, ஒரு பாதையில் வரும் ஒளி கெட்டாலும் இன்னொரு பாதையில் வருவதைக் கொண்டு சரிசெய்கிறார்கள். கூகுளின் பிக்சல் வாட்ச் 2, கார்மினின் ஐந்தாம் தலைமுறை உணரி பொருத்திய கடிகாரங்கள் ஆகியவை 2023இல் இந்த வழியில் வந்தவை. ஆகவே மேற்கண்ட புள்ளிகளை இன்றைய கடிகாரங்களின் மதிப்பெண்ணாகக் கொள்ளாமல், மார்புக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் இயல்பாகவே உள்ள தூரத்தின் அளவாகக் கொள்வதே முறை. முழங்கைக்கு மேலே, புயத்தில் கட்டும் ஒளிப்பட்டைகள் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன; புயத்தில் சதை அதிகம், அசைவு குறைவு.

நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகத் தோன்றும் ஐயம் ஒன்றுண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும். அப்படியானால் கருத்த தோலில் கடிகாரம் தவறுமா? ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் கருத்த தோலில் பிழை கூடுதலாக இருந்தது. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தார் எல்லாத் தோல் நிறங்களும் போதிய அளவில் இடம்பெறுமாறு 53 பேரைத் தேர்ந்து பார்த்தபோது, நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அசைவின்போது வரும் பிழை ஓய்வின்போது வருவதைவிடச் சராசரியாக 30 சதவீதம் அதிகம் என்பதுதான் தெளிவாகத் தெரிந்தது. தோல் கருக்கக் கருக்கக் கடிகாரம் விளக்கின் ஒளியைக் கூட்டிச் சமாளிக்க வேண்டியிருக்கும், அதனால் பேட்டரியும் கூடுதலாகச் செலவாகும் என்பது பொறியியல் கணக்கு. என் கணிப்பில், நம் தோலில் நிறத்தைவிடக் கடிகாரப் பட்டையின் தளர்வே பெரிய எதிரி.

விளம்பரங்களில் வரும் ஒற்றை எண்ணைப் பற்றியும் ஒரு சொல். இத்தனை சதவீதத் துல்லியம் என்று போடுகிறார்களே, அந்தச் சராசரி எப்படி எடுக்கப்பட்டது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பேரேட்டில் ஒரு நாள் நூறு ரூபாய் கூடுதலாகவும் மறுநாள் நூறு ரூபாய் குறைவாகவும் எழுதிவிட்டு, மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் நேராகத்தான் இருக்கிறது என்று ஒரு கணக்கப்பிள்ளை சொன்னால், எந்தச் செட்டியார் வீட்டிலும் அந்த ஐந்தொகை தேறாது. பாதி நேரம் 20 துடிப்பு அதிகமாகவும் பாதி நேரம் 20 குறைவாகவும் காட்டும் கடிகாரத்தின் சராசரிப் பிழையும் அப்படித்தான் சுழியாகிவிடும். இதைத் தவிர்க்க, கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டு ஒவ்வொரு பிழையின் அளவை மட்டும் எடுத்துச் சராசரி காண வேண்டும். அதோடு பிழைகள் எவ்வளவு தூரம் சிதறிக்கிடக்கின்றன என்பதையும் காட்ட வேண்டும். மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1986இல் விளக்கிய வரைபட முறையை மருத்துவ ஆய்வுகள் இதற்குத்தான் கையாள்கின்றன. அதிலும் இருபது நிமிட ஓய்வும் ஐந்து நிமிட ஓட்டமும் கலந்த சோதனையில் ஓய்வின் நல்ல எண்கள் ஓட்டத்தின் கெட்ட எண்களை மூடிவிடும். ஓய்வு, நடை, ஓட்டம் என்று பிரித்துத் தராத ஒப்பீட்டை நான் படிப்பதில்லை.

மலிவு விலைக் கடிகாரங்களில் பெரும்பாலானவை ஓய்வில் ஒழுங்காகவே காட்டுகின்றன; அது இந்தத் தொழில்நுட்பத்தின் எளிய பகுதி. விலை கூடக் கூட நாம் வாங்குவது, அசைவில் வரும் பொய்யைக் கழிக்கும் நிரலையும், அதற்குப் பின்னாலிருக்கும் சோதனைகளையும். அந்த உழைப்பு இல்லாத கடிகாரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எங்கள் வீட்டு அடுப்படியில் பார்த்தேன். மருத்துவமனைத் துல்லியம் என்று சொல்லி விற்கப்பட்ட மலிவான கடிகாரம் ஒன்றை, பொரியலுக்காக நார் எடுத்து வைத்திருந்த வாழைத்தண்டின்மேல் கட்டி மேடையில் வைத்தேன். பச்சை விளக்கு மினுங்கியது, சில நொடிகளில் 74 என்றது, பிறகு 71, பிறகு 78. மனிதரைப் போலவே சற்று ஏற்ற இறக்கத்தோடு.

வாழைத்தண்டுக்கு உயிர் வந்துவிடவில்லை. ஈரமான வெண்ணிறத் தண்டு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். அந்த ஒளியில் துடிப்பு ஏதும் இல்லாதபோது கடிகாரம் கருவியின் இரைச்சலையே பெருக்கி எடுத்துக்கொள்கிறது. அந்த இரைச்சலையும் மனிதத் துடிப்புக்குரிய எல்லைக்குள், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 முதல் 200 வரையில், இருப்பதை மட்டும் விடும் வடிகட்டி வழியாக அனுப்புகிறது. சல்லடைக் கண்ணின் அளவுக்கேற்ற குருணைதான் கீழே விழும். மேலே போட்டது அரிசியா மணலா என்று சல்லடை கேட்பதில்லை. நல்ல நிரலில், கிடைத்த அலை நம்பத்தக்கதா என்று சோதித்து, இல்லையென்றால் எண்ணுக்குப் பதில் கோடு போடும் ஒரு படி இருக்கும். கடிகாரத்தின் தரத்தை அறிய நான் முதலில் பார்ப்பது, அது எப்போது வாய் மூடுகிறது என்பதையே. இதே வகைக் கடிகாரங்களில் சில, ஊசி குத்தாமல் இரத்தச் சர்க்கரையையும் சொல்வதாக விற்கப்படுகின்றன. அப்படித் தானாகவே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் பக்கத்தில் இதை உரக்கவே சொல்ல வேண்டும்.

காலத்தைப் பற்றிய குழப்பமும் ஒன்று உண்டு. பேட்டரியைக் காப்பதற்காகப் பல கடிகாரங்கள் நாள் முழுவதும் இடைவிட்டே அளக்கின்றன; உடற்பயிற்சி முறையைத் தொடங்கினால்தான் விடாமல் அளக்கும். அதைத் தொடங்காமல் குன்றக்குடி மலைப்படி ஏறிவிட்டு, மேலே நின்று திரையைப் பார்ப்பவர் காண்பது அடிவாரத்து எண்ணாகவும் இருக்கலாம். தொடங்கியிருந்தாலும், கடிகாரம் கடந்த பல நொடிகளின் சராசரியைத்தான் காட்டும். படியேற்றத்தில் துடிப்பு விரைந்து ஏறும்போது மார்புப் பட்டை முந்திப்போக, கடிகாரம் பின்னால் மூச்சுவாங்கிக்கொண்டு வரும். மேலே போய் உட்கார்ந்த பிறகு, பட்டை இறங்கிவிட்ட நேரத்தில், கடிகாரம் தன் உச்சத்தைக் காட்டும். விட்டுவிட்டு வேகமாக ஓடும் பயிற்சி செய்பவர்களுக்கு மணிக்கட்டு எண் பயன்படாமல் போவது இதனால்தான்.

எண் சரியாக இருந்தாலும் கடிகாரம் அதன்மேல் கட்டும் கட்டடம் சரியாக இருக்க வேண்டுமென்பதில்லை. கொழுப்பு எரியும் மண்டலம், உச்ச மண்டலம் என்றெல்லாம் வண்ணம் பிரிப்பதற்கு அடிப்படை, ஒருவரின் அதிகபட்சத் துடிப்பு. அதைப் பெரும்பாலும் 220இலிருந்து வயதைக் கழித்து எடுத்துக்கொள்கிறார்கள். 61 வயதான என் சித்தப்பாவுக்கு அது 159. 2001இல் தனாகாவும் அவருடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட சூத்திரப்படி, 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால், ஏறக்குறைய 165. எந்தச் சூத்திரமானாலும் தனி ஒருவருக்குப் பத்துத் துடிப்பு முன்பின்னாக இருப்பது சாதாரணம். அதற்குமேல், சித்தப்பா இரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பையே அடக்கிவைக்கிறது. அவர் எவ்வளவு வேகமாக நடந்தாலும் கடிகாரம் அவரை மிதமான மண்டலத்திலேயே வைத்து, இன்னும் வேகம் தேவை என்று மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டு வேகம் கூட்டியதுதான் எனக்குக் கவலை தந்தது. மருத்துவர் சொன்னபடி, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கும் வேகத்துக்கு அவரைத் திருப்பியபின், அந்த மணியை அணைத்துவைத்தோம்.

சீரற்ற துடிப்பு உள்ளவர்கள் விஷயம் தனி. இதயம் முன்கூட்டியே ஒரு துடிப்பைப் போட்டுவிட்டால், அறை நிரம்பாமலே சுருங்குவதால் மணிக்கட்டு வரை வரும் அலை மிக மெலிந்துபோகும், சில வேளை வராமலே போகும். ஈ.சி.ஜி. அதை எண்ணும்; கடிகாரம் விட்டுவிடும்; விரலால் நாடி பார்ப்பவரும் விட்டுவிடுவார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பில் இந்த இடைவெளி பெரிதாகும். அந்த நோயைச் சந்தேகிக்கக் கடிகாரம் உதவும் என்பதும் உண்மை. ஆப்பிள் நிறுவனத்தின் ஆதரவோடு ஸ்டான்ஃபோர்டு நடத்தி 2019இல் வெளியான ஆய்வில் 4,19,297 பேர் பங்கேற்றார்கள். சீரற்ற நாடி என்ற எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதமே, அவர்களில் பிறகு ஈ.சி.ஜி. ஒட்டுப்பட்டையை அணிந்து திருப்பியனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்கு அந்த நோய் பதிவாயிற்று. இந்த நோய் வந்துவந்து போவது என்பதால், மற்றவர்களுக்கு அது இல்லையென்று ஆகிவிடாது. 2018இலிருந்து சில கடிகாரங்களில், மறுகையின் விரலால் கடிகாரத்தைத் தொடுவதால் மின்சுற்று முழுமையாகி உண்மையான ஈ.சி.ஜி.யே எடுக்கும் வசதியும் வந்துவிட்டது. அது ஒற்றைக் கோணத்து ஈ.சி.ஜி.; மாரடைப்பைக் காட்டாது. நெஞ்சுவலியோடு உட்கார்ந்து கடிகாரத்தில் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருப்பது, மருத்துவமனைக்குப் போகும் நேரத்தைத் தின்பது.

கட்டும் முறைக்கு வருகிறேன். மணிக்கட்டு எலும்பின்மேல் கட்டாமல் அதற்கு இரண்டு விரல்கடை மேலே, கையை உதறினால் நகராத அளவுக்கு, ஆனால் கழற்றும்போது ஆழத் தழும்பு தெரியாத அளவுக்குக் கட்ட வேண்டும். தளரத் தொங்கும் சங்கிலிப் பட்டை அழகுக்கு ஆகும், அளவைக்கு ஆகாது. பட்டை தளர்ந்தால் வெயிலின் ஒளியும் அடியில் புகுந்துவிடும். வளையல் அணிகிறவர்கள் கடிகாரத்தை வளையலுக்கு மேலே, முழங்கைப் பக்கமாகத் தள்ளிக் கட்டினால் ஒவ்வொரு வீச்சிலும் அது இடிபடாது. குளிரில் தோலுக்கு வரும் இரத்தம் குறைவதால் மார்கழி, தை விடியலில் முதல் கால் மணி நேரத்து எண்களை நம்பாமலிருப்பது நல்லது. உடம்பு சூடேறியபின் சரியாகும். வியர்வைப் பிசுக்கும் திருநீறும் படிந்த அடிக்கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்க ஐந்து நொடி போதும்.

தன் கடிகாரத்தைத் தானே சோதிக்க விரும்புபவர் ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தபின், உள்மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து முழு 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்புப் பிசகு நான்காகப் பெருகும். பிறகு வழக்கமான நடையில் பத்து நிமிடம் போய், துடிப்பையும் அடியையும் தனித்தனியே எண்ணிக் கடிகாரம் எதன் பக்கம் சாய்கிறது என்று பார்க்கலாம். நின்று எண்ணும்போது துடிப்பு உடனே இறங்கத் தொடங்குவதால், நின்ற முதல் 15 நொடியை மட்டுமே எண்ணுவது இங்கே தவிர்க்க முடியாத சமரசம்.

தோலில் பச்சை குத்தியிருந்தாலும் அதன் மை ஒளியைத் தடுத்துவிடுவதுண்டு. எங்கள் அப்பத்தாவின் இடக்கையில், கடிகாரம் உட்காரும் இடத்திலேயே, சிறு வயதில் குத்திய கோலம் ஒன்று மங்காமல் இருக்கிறது. என் கடிகாரத்தை அதன்மேல் கட்டியபோது நெடுநேரம் மினுங்கிவிட்டு இரண்டு கோடுகளைக் காட்டியது. வலக்கைக்கு மாற்றியதும் 76 என்றது. விரல் வைத்து எண்ணியபோது எனக்கு 75 கிடைத்தது. பிறகு வாழைத்தண்டில் கட்டிய அந்த மலிவான கடிகாரத்தை அதே கோலத்தின்மேல் கட்டிப் பார்த்தேன். அது தயங்காமல் 88 என்றது.